அறுபது ரூபாய் இடிக்கிறது

சமையல் மாஸ்டர் கூலிக்குக் கிடைத்துவிடுகிறார். கடையில் முதல் நாளே சொல்லிவைத்தால் கறியை வெட்டிக் கழுவியே அனுப்பிவிடுகிறார்கள். தேங்காய் துருவ மெஷின் இருக்கிறது. இருபத்தைந்து கிலோ சின்ன வெங்காயத்தை உரிக்கத்தான் இன்னும் ஆள் வேண்டியிருக்கிறது. அதற்கும் மெஷின் வந்துவிட்டதாம். அதில் போட்டால் பாதி தோலோடு வருகிறது, மீதி காயம்பட்டு வருகிறது என்பது எங்கள் மாஸ்டரின் கட்சி. அதனால் ஒவ்வொரு வருஷமும் எங்கள் திருச்சபை விருந்தான அசனத்துக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம், போதகரின் மனைவி ஐயரம்மா போனும் கையுமாக உட்கார்ந்து வீடு வீடாகக் கூப்பிடுவார்.

எனக்கும் வந்தது. "தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு வந்துருங்க. பத்துப் பேர் இருந்தாப் போதும், ஒம்போது பேர் சேர்ந்தாச்சு." ஐம்பத்தொரு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட மிச்சமிருப்பவர்கள் நாலைந்து பேர். அவர்களிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. (ஒன்பது பேர் சேர்ந்தாச்சு என்பதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.)

போனேன். ஓய்வுநாள் பள்ளி நடக்கும் ஹாலில் சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு அண்டா நிறையத் தண்ணீரில் ஊறிய வெங்காயம். ஃபேனை நிறுத்தியிருந்தார்கள்; போட்டால் தோல் ஹால் முழுக்கப் பறக்கும். வட்டத்தில் ஒரே ஒரு இடம் காலி. அதற்கு நேர் எதிரே, மடியில் துண்டை விரித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசி மூன்று வருஷமும் சில மாதங்களும் ஆகியிருந்தன.

சபை எது என்று சொல்லப்போவதில்லை. பசுமலையைத் தாண்டித் திருமங்கலம் போகிற வழியில், தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சின்னச் சபை. நூற்றுச் சொச்சம் குடும்பங்கள். ரயில் பாதை பக்கத்திலேயே போகிறது. வண்டி கடக்கும்போது ஐயர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். சரக்கு வண்டி என்றால் தண்ணீரும் குடித்துவிடுவார்.

எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவியை ஐயரம்மா. வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அசனம் என்றால் சாப்பாடு. சபை மொத்தமும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத்தான் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கான பேருக்குப் பொங்குவார்கள். எங்களுடையது நானூறு பேர்ப் பந்தி. காலையில் அறுப்பின் பண்டிகை ஆராதனை, அப்புறம் ஏலம், அப்புறம் அசனம். ஏலத்தில் காணிக்கையாக வந்த பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி, பக்கத்துத் தெரு அம்மாச்சி சுட்டு வந்த அதிரசம் எல்லாம் விலை போகும். நாற்பது ரூபாய்ப் பூசணியை நானூறுக்கு ஒருவர் எடுப்பார், எடுத்த கையோடு அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பார், மறுபடி ஏலம். ஒரே பூசணி மூன்று முறை விலை போனதைப் பார்த்திருக்கிறேன். கோழிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது, முதல் ஏலத்திலேயே யாராவது பையில் போட்டுவிடுவார்கள்.

சண்டை கூரையால் வந்தது. இப்போது நாங்கள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருந்த அதே ஹாலின் கூரைதான். பழைய ஓடுகளை எடுத்துவிட்டுத் தகடு போட்டோம். அப்போது அவர்தான் பொருளாளர். நான் ஒரு மில் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதியவன். பில்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. வருஷாந்திரக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: தகடு வாங்கின பில் இருக்கிறது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலிக்கு வவுச்சர் எங்கே? லோடுமேனிடம் வவுச்சர் எப்படி வாங்குவது என்று அவர் கேட்டார். கேள்வி நியாயம். நான் அதோடு உட்கார்ந்திருக்கலாம். "சபைக் காசு உங்க வீட்டு உலையில வேகுற அரிசி இல்லண்ணே" என்றேன்.

அவர் நோட்டை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். அடுத்த வாரம் ராஜினாமா.

இரண்டு மாதம் கழித்து அந்த லோடு வண்டிக்காரரே ஒரு டீக்கடையில் பேச்சுவாக்கில் சொன்னார்: கூலியில் பாதியை அவர் தன் பையிலிருந்துதான் கொடுத்தாராம். நோட்டில் எழுதியது மீதிப் பாதி. சபைக்கு அவர் கடன்பட்டிருக்கவில்லை, சபைதான் அவருக்குக் கடன். கேட்டுக்கொண்டேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக, அவரிடம் சொல்லவில்லை.

கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது எங்கள் பக்கத்துச் சபைகளுக்குப் பரம்பரைச் சொத்து என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1834-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரிகள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினர். அவர்களுக்கு மேலே பிஷப் கிடையாது; சபைக் காரியத்தைச் சபையார் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும் என்பது கொள்கை. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆன பிறகு எங்களுக்கும் பிஷப் வந்தார். கூடிப் பேசும் பழக்கம் மட்டும் போகவில்லை. மதுரைப் பக்கம் கூடிப் பேசுவது என்றால் என்னவென்று உங்களுக்கே தெரியும்.

இந்த மூன்று வருஷமும் நான் ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்ந்துகொண்டிருந்தேன். இதைக் கேலிக்குச் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். எல்லாம் ஊரடங்கில் ஆரம்பித்தது. 2020-ல் ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 12 உயிர்த்தெழுந்த ஞாயிறு. கோயில் பூட்டிக் கிடந்தது. ஈஸ்டர் அதிகாலை ஆராதனையை மொட்டைமாடியில் போனைத் தண்ணீர்த் தொட்டி மேல் சாய்த்துவைத்துப் பார்த்தோம். அந்த நாட்களில் அதிகாலை ஐந்து மணிக்குப் போனிலேயே ஒரு ஜெபக்குழு தொடங்கியது. ஊரடங்கு போனது, குழு நின்றது. நின்றது என்றால் நிலைத்துவிட்டது. நாலரைக்கு எழுவேன். வருஷத்தில் ஒருமுறை வேதாகமத்தை முழுக்க வாசித்து முடிப்பேன். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாற்பது நாளும் கறி கிடையாது, டீ கிடையாது. டீ இல்லாமல் நாற்பது நாள் என்பது மதுரைக்காரனுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

வீட்டுக்காரிக்கு என் வளர்ச்சியில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. "நீங்க ஜெபம் பண்ணி எந்திரிச்சா வீட்டுல எல்லாரும் பைய நடக்க வேண்டியிருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்தேன். இப்படியும் ஒருவன் நினைக்க முடியும்.

ஜெபக்குழுவில் ஆளுக்கொரு பொருள் கொடுப்பார்கள். எனக்குப் பெரும்பாலும் 'திருச்சபை' வரும். நாடுகளுக்காக, ஊழியங்களுக்காக, பேராயத்துக்காக எல்லாம் ஜெபித்துவிட்டுக் கடைசியில் 'எங்கள் சபையில் சமாதானத்தைக் குலைக்கிறவர்களுக்காக' என்று ஒரு வரி சேர்ப்பேன். யாரைச் சொல்கிறேன் என்று குழுவில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ஆமென் சொல்வார்கள். இருபத்திரண்டு ஆமென்.

ஞாயிற்றுக்கிழமைதான் சங்கடம். அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் நற்கருணை ஆராதனைக்குத் தென்னிந்தியத் திருச்சபையின் முறை 1950-ல் வந்தது. பழைய கால வழக்கம் ஒன்றை அதில் மறுபடி கொண்டுவந்திருந்தார்கள்: சமாதானம் கொடுப்பது. பீடத்திலிருந்து ஐயர் தொடங்குவார். கொடுக்கிறவர் வலது உள்ளங்கையை வாங்குகிறவரின் வலது உள்ளங்கையில் வைப்பார். இருவரும் இடது கையால் அடுத்தவர் கையை மூடிக்கொள்வார்கள். ஒரு நொடிதான். அப்புறம் வாங்கினவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுப்பார். இப்படியே முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை கை மாறி வரும். இப்போதெல்லாம் பல சபைகளில் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டுக்கொள்வதோடு சரி. எங்கள் ஐயர் பழைய ஆள், கை தொட்டாக வேண்டும்.

பழைய பொருளாளர் எப்போதும் இடது பக்கம் நாலாவது பெஞ்சு. சமாதானம் எந்த வழியாக ஓடி யாரிடம் முடியும் என்று எனக்கு மில் கணக்கு மாதிரி அத்துப்படி. ஐந்தாவது பெஞ்சு ஓரம் ஆபத்து. ஏழாவது பெஞ்சு சுவரோரம் பத்திரம். அங்கே எனக்கு முன்னால் ஒரு காலேஜ் பையன் உட்காருவான், அவனிடமிருந்து வாங்கிப் பின்னாலிருக்கும் பாட்டிக்குக் கொடுத்துவிடலாம். மூன்று வருஷம் நான் சுவரோரமாகச் சமாதானம் வாங்கினேன்.

நற்கருணைக்கு முன் பவுல் கொரிந்து சபைக்கு எழுதின முதல் நிருபம் 11-ஆம் அதிகாரத்தைத்தான் எப்போதும் நினைவுகூருகிறோம். 'கர்த்தராகிய இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே' என்று வரும் 23-ஆம் வசனத்திலிருந்து. அதற்கு முந்தின வசனங்களை யாரும் அவ்வளவாக வாசிப்பதில்லை. அங்கே பவுல் சாப்பாட்டுச் சண்டையைப் பற்றித் திட்டிக்கொண்டிருக்கிறார். வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்துவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள், உங்களுக்கு வீடு இல்லையா என்று கேட்கிறார். அதிகாரத்தை முடிக்கும்போது அவர் சொல்லும் வழி ரொம்பச் சாதாரணம்: சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். வேதாகமத்தை முழுக்க வாசித்த மூன்று முறையும் அந்த இடத்தைக் கடந்துதான் போயிருக்கிறேன்.

மதுரையில் கிறிஸ்தவத்தின் கதையே பாதி சாப்பாட்டுக் கதைதான் என்று எனக்குத் தோன்றும். 1606-ல் ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது, ஏற்கெனவே பத்துப் பதினோரு வருஷமாக ஊரில் இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற மூத்த பாதிரியாருடன்தான் தங்கினார். கொஞ்ச நாளில் வீட்டைப் பிரித்துக்கொண்டார். காவி, மரக்கறி, பிராமணச் சமையல்காரர், தனி உலை. மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் பரங்கியோடு சேர்ந்து உண்பவனிடம் வரமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கு ஒருவகையில் பலித்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மிஷனில் ஒரு தரப்புக்கு ஒரு வகைச் சாமியார், இன்னொரு தரப்புக்கு இன்னொரு வகைச் சாமியார் என்று ஆனது. அவருடைய தமிழையும் உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. அந்தத் தனி உலை மட்டும் எனக்குச் செரிக்கவில்லை.

நேர் எதிர்த் திசையில் போனவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1840-களில் அவர்கள் ஒரு பரீட்சை வைத்தார்கள்: சபையில் வேலை பார்ப்பவர்கள் சாதி பார்க்காமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, சேர்ந்து சாப்பிட வேண்டும். அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். உபதேசிமாரும் ஆசிரியர்களுமாகப் பலர் வேலையே வேண்டாம் என்று போனார்கள். விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாகச் சொன்னவர்கள்தான். பக்கத்து இலையில் யார் என்பதில் தடுக்கி விழுந்தார்கள்.

நம் காலத்தில் அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு (பரட்டை அண்ணன் என்றால்தான் நிறையப் பேருக்குத் தெரியும்) இதே நூலைப் பிடித்தார். நாட்டுப்புற மெட்டில் ஆராதனை, ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவது, இந்த இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அவரிடம் படித்த ஐயர்மார் இப்போது மதுரை, ராமநாதபுரம் பக்கம் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் சபையில் பறை சத்தம் கேட்கும், பந்தியும் நேராக இருக்கும்.

எங்கள் சபை ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை. அப்பா காலத்தில் அசனத்தன்று சில குடும்பங்கள் பந்தியில் உட்காராமல் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்களாம். காரணம் கேட்டால் வயசானவர்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்பார்கள். எல்லார் வீட்டிலும் வயசானவர்கள் இருந்தார்கள். தூக்குச்சட்டி மட்டும் சில வீட்டிலிருந்துதான் வந்தது.

என் அம்மாவுக்கு இந்தச் சரித்திரம் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பிடி அரிசி. உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் போடுவாள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. மாதத்துக்கொருமுறை பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போவாள். மாசக் கடைசியில் வீட்டு அரிசி குறையும்போதும் பிடி எடுப்பது நிற்காது. கை அதே கைதான், பிடி கொஞ்சம் சுருங்கும். நான் அதைக் கவனித்துவிட்டேன் என்று தெரிந்தபோது முதுகைத் திருப்பிக்கொண்டு எடுக்க ஆரம்பித்தாள்.

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. காஞ்சிப் பெரியவர் சொல்லி வீடுகளில் பிடி அரிசி எடுத்து வைத்தவர்கள் உண்டு. மிசோரம் பிரஸ்பிடேரியன் சபைகளில் 1910 முதல் இது நடந்துவருகிறது. அங்கே அந்த அரிசியில்தான் ஊழியம் நடந்தது என்றே சொல்கிறார்கள். எங்கள் சபை அரிசிக்கு அவ்வளவு பெரிய கதை கிடையாது. அதைப் பொங்கினால் சோறாகவே வராது. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன், ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பழசு, ஒரு வீட்டில் புதுசு. ஒன்று வேகும்போது இன்னொன்று குழைந்துவிடும். அதனால் பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை முடிந்து கஞ்சி காய்ச்ச வைத்துக்கொள்வோம். கஞ்சியில் குழைந்ததும் குழையாததும் ஒன்றுதான். கூட ஒரு தேங்காய்த் துவையல். ஊரடங்கில் கஞ்சிக்கு வழியில்லாமல் போனபோது, ரயில்வே கேட் பக்கம் வேலையில்லாமல் இருந்த கொத்தனார் வீடுகளுக்கு அந்த அரிசி போனது. யார் என்ன மதம் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இட்லி அரிசி கலந்திருக்கிறதே என்று ஒரு வீட்டில் மட்டும் கேட்டார்கள்.

அம்மா ஆவிக்குரிய வளர்ச்சி என்று பேசி நான் கேட்டதில்லை. அவளைப் பரிசுத்தவாட்டி ஆக்கவும் நான் தயாரில்லை. எங்கள் அத்தையோடு பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் அவள்தான். எனக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அத்தை வீட்டில் சாவு விழுந்தபோது முதல் ஆளாகப் போய் வாசலில் உட்கார்ந்ததும் அம்மாதான். நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போக வேண்டும். எங்கள் பக்கம் இது பத்துக் கட்டளைக்கு அடுத்த கட்டளை.

நான் போகவில்லை. அவருடைய அம்மா இறந்தபோது. சண்டைக்கு அடுத்த வருஷம், ஒரு சனிக்கிழமை. அன்று ஊரில் ஒரு கன்வென்ஷன், மூன்று நாள் கூட்டம், அது கடைசி நாள். அதற்குப் போய்விட்டேன். தலைப்பு என்னவோ, கிறிஸ்துவுக்குள் வளர்தல் மாதிரி ஒன்று. குறிப்பு நோட்டில் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன். இப்போதும் அந்த நோட்டு இருக்கிறது, நல்ல கையெழுத்து.

சரி, வெங்காயத்துக்கு வருகிறேன்.

முதல் ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் மற்ற எட்டுப் பேரோடும் பேசினோம். வட்டத்தில் இப்படி உட்கார்ந்திருப்பது ஒரு வித்தை. ஒருவர் சொல்லும் வேடிக்கைக்கு இருவரும் சிரிப்போம், ஆனால் ஒரே நேரத்தில் சிரிக்க மாட்டோம். வெங்காயத்துக்குத் தலையையும் வாலையும் சீவி, பக்கவாட்டில் ஒரு கீறு. ஊறின தோல் சட்டை கழற்றுவது மாதிரி வரும். ஒரு கிலோவில் எத்தனை இருக்கும் என்று ஒரு பையன் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டான். பத்து மணிக்குப் பாலில்லாத டீ வந்தது. பதினொன்றுக்கு மூன்று பேர் மாத்திரை போட வேண்டும் என்று எழுந்து போனார்கள். பன்னிரண்டுக்கு மிச்சம் நாலு பேர். ஒரு அண்டா அப்படியே இருந்தது.

அவர் கத்தி நல்ல கூர். என்னுடையது மழுங்கல். நான் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், வேறொரு கத்தியை எடுத்துப் பிடி என் பக்கம் இருக்கும்படி சாக்கில் நகர்த்தினார். பேசவில்லை. நானும் எடுத்துக்கொண்டேன்.

கொஞ்சம் கழித்து யாரையும் பார்க்காமல், "அம்மா இருந்திருந்தா இந்நேரம் பத்துக் கிலோ உரிச்சிருக்கும்" என்றார். வாஸ்தவம். அந்த அம்மா அசனத்துக்கு அசனம் இதே ஹாலில், இதே மூலையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, கத்தியே இல்லாமல் நகத்தால் உரிப்பார்கள். எனக்குப் பத்து வயதில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தோல் பொறுக்கிய ஞாபகம் இருக்கிறது. தோலைத் தலையில் போட்டு விளையாடினால் வெங்காயக் கையாலேயே காதைத் திருகுவார்கள்.

இந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயத்தால் என்று சமாளித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஊற வைத்த வெங்காயம் அவ்வளவாகக் கரிக்காது. எனக்குத் தண்ணீர் ஒன்றும் வரவில்லை. வயிற்றில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

"அண்ணே, அம்மா அடக்கத்துக்கு நான் வரல" என்றேன்.

"தெரியும்."

"வந்திருக்கணும்."

அவர் கையில் இருந்ததை உரித்து முடித்துச் சட்டியில் போட்டார். "அந்தா ஒன் முட்டிகிட்ட கெடக்கு பாரு, அது அழுகியிருக்கு. அத அங்கிட்டுத் தள்ளு, எல்லாத்தையும் நாறடிச்சிரும்."

தள்ளினேன். லோடு வண்டிக்காரர் சொன்னதையும் அப்போதே சொன்னேன். கூலியில் பாதி அவர் கொடுத்தது எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும் என்று. அதற்கு அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ரொம்ப நேரம் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து போய்க் கால் கழுவிவிட்டு வந்தார். உட்காரும்போது, "கூட்டத்துல சொல்லியிருக்கலாம்ல" என்றார். "நாந்தான் சொல்லியிருக்கணும். அம்புட்டுக் கோவம் எனக்கு" என்று அவரே சேர்த்துக்கொண்டார். இரண்டரை மணிக்கு அண்டா காலியானது. மாஸ்டர் வந்து பார்த்துவிட்டுப் பூண்டு மூட்டையைக் காட்டினார்.

காலை ஆராதனையில் பாதிப் பேர் தூங்கி வழிந்தோம். குளித்தும் வெங்காய வாடை போகவில்லை. பழக்கதோஷம், ஏழாவது பெஞ்சுச் சுவரோரம்தான் உட்கார்ந்தேன். சமாதானம் கொடுக்கும் நேரம் வந்தது. நாலாவது பெஞ்சிலிருந்து அவர் வாங்கி, பின்னால் திரும்பிக் கொடுத்துவிட்டு உட்காருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுத்தார். அப்புறம் உட்காராமல் இரண்டு பெஞ்சைத் தாண்டி நடந்து வந்தார். காலேஜ் பையன் கையை நீட்டி ஏமாந்தான். வலது கை உள்ளங்கையில், இடது கை மேலே. விரல் நுனி எல்லாம் கறுத்து, கத்தி பட்ட இடத்தில் ஒரு கீறல். அவர் 'சமாதானம்' என்ற குரல் 'அழுகியிருக்கு' என்ற குரலிலிருந்து பெரிதாக மாறவில்லை. நான் பின்னாலிருந்த பாட்டிக்குக் கொடுத்தேன். "என்னடா கை, கொழம்பு வாசம் அடிக்குது" என்றார் பாட்டி, ஆராதனை நடுவில், சத்தமாக.

பந்தியைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. சோறு, கத்தரிக்காய் போட்ட கறிக்குழம்பு, கறி சாப்பிடாதவர்களுக்குச் சாம்பார், ரசம், முட்டைக்கோஸ் வெஞ்சனம். மூன்று பந்தி. நான் ரசவாளி. குழம்பில் உப்பு ஒரு கல் தூக்கல் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கினார்கள். சாப்பிட்டு முடித்த ஆண்கள் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள், அண்டா கழுவப் பெண்கள் போனார்கள். இது எங்கள் சபை இன்னும் வளராத இடங்களில் ஒன்று. ஐயரம்மா அடுத்த வருஷம் அதற்கும் போன் போடப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் மொபெட் சத்தம். அவர்தான். இந்த வருஷம் அசனக் கணக்கு மட்டும் அவர் பொறுப்பாம், எனக்கு அதுவே தெரியாது. பழைய நோட்டு இல்லை, புது நோட்டு. "ஒரு தடவ பாத்துரு" என்று மேஜையில் வைத்தார். அதே மாதிரி வைத்தார், உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி. வீட்டுக்காரி டீ போடப் போனாள். இருவருமாகக் கூட்டினோம். ஏலத்தில் வந்தது, காணிக்கை, செலவு, கையிருப்பு. அறுபது ரூபாய் இடித்தது.

மறுபடி கூட்டினோம். அறுபது ரூபாய்.

"போ, நாம் போட்டுர்றேன்" என்று அவர் சட்டைப்பையில் கையை விட்டார்.

"வேணாம்ணே. கைய எடுங்க. தேடுவோம்."

அரை மணி நேரம் தேடினோம். விறகு, இலை, தண்ணீர் கேன், பேப்பர் டம்ளர். டீ ஆறிப்போய் இன்னொன்று வந்தது. கடைசியில் பரவை மார்க்கெட்டுக்குப் போன வாலிபர் சங்கத்துப் பையனுக்குப் போன் போட்டேன். அவன் பஸ்ஸில் இருந்தான்.

"கறிவேப்பிலை மாமா. எல்லாரும் அது கொசுறுன்னு நெனச்சு எழுதாம விட்டுட்டீங்க. மாஸ்டர் நாலு கட்டு கேட்டாரு, நாலு கட்ட யாரு சும்மா குடுப்பா?"

அவர் பேனாவை எடுத்து, முட்டைக்கோஸுக்குக் கீழே, 'கறிவேப்பிலை, 60' என்று எழுதினார். அப்புறம் பேனாவை என் பக்கம் நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.